வானத்தின் கணக்கு, மண்ணின் கணக்கு

மழைநீரில் எவ்வளவு சல்பேட் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டாக வேண்டும். ஒரே ஊரில், ஒரே வாரத்தில், திங்கட்கிழமை 2 மி.மீ. தூறுகிறது; வெள்ளிக்கிழமை 90 மி.மீ. கொட்டித் தீர்க்கிறது. சுற்றியுள்ள அனல்மின் நிலையங்கள் இரண்டு நாளும் ஒரே அளவு நிலக்கரியைத்தான் எரித்தன. சாலையில் அதே வண்டிகள்தான் ஓடின. ஆனாலும் தூறலைப் பிடித்த புட்டியில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும் எண், பெருமழையைப் பிடித்த புட்டியின் எண்ணைப் போலப் பல மடங்கு இருக்கும். இதை வைத்து, வெள்ளிக்கிழமை காற்று சுத்தமாகிவிட்டது என்று யாராவது எழுதினால் அது பிழை. மாறியது தண்ணீரின் அளவு.

மழை வேதியியலில் இதைவிட அடிப்படையான விஷயம் வேறில்லை. ஆனால் 'இந்த ஊர் மழையின் பி.எச். இவ்வளவு' என்று வரும் செய்திகளில் பெரும்பாலும் மழையளவு இருப்பதில்லை. புட்டியை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனவர்கள் மழைமானியை மறந்துவிடுகிறார்கள். அளவீட்டில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

தூறலில் ஏன் செறிவு கூடுகிறது? மழை இரண்டு இடங்களில் காற்றைக் கழுவுகிறது. முதல் இடம் மேகத்துக்குள். அங்கே நீராவி படிந்து துளியாவதற்குப் பிடிமானமாக இருப்பவையே சல்பேட், கடல் உப்பு போன்ற நுண்துகள்கள்தான். கந்தக டை ஆக்சைடு வாயு அந்தத் துளிகளில் கரைந்து, அங்கேயே சல்பேட்டாக மாறவும் செய்யும். இரண்டாவது இடம் மேகத்துக்குக் கீழே. விழும் துளி வழியில் இருக்கும் தூசியையும் வாயுவையும் வாரிக்கொண்டு வருகிறது. இந்த இரண்டாவது கழுவல் மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். அரிசி களையும்போது முதல் கழுநீர் வெள்ளையாக வரும், மூன்றாவது முறை தெளிந்துவிடும், அதே கதைதான்.

துளியின் அளவுக்கும் இதில் பங்கு உண்டு. தூறலின் துளிகள் சிறியவை. மெதுவாக விழுவதால் காற்றோடு அதிக நேரம் உறவாடுகின்றன. கனஅளவோடு ஒப்பிட்டால் அவற்றின் பரப்பு அதிகம் என்பதால் வாயுவை விரைவாக உறிஞ்சுகின்றன. வறண்ட காற்றின் ஊடே இறங்கும்போது துளியின் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகிவிட, கரைந்த உப்பு அப்படியே மிஞ்சுகிறது. இந்தக் காரணங்கள் எல்லாமே ஒரே திசையில் இழுக்கின்றன: சின்ன மழையில் செறிவு கூடுதல், பெரிய மழையில் குறைவு.

19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்தவர் ஒருவர் உண்டு. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர், மான்செஸ்டர் நகரின் ஆலைப் புகைக்கு நடுவே மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்தவர். பிரிட்டனின் முதல் காரத் தொழிற்சாலை ஆய்வாளராகவும் பணியாற்றினார். 1872இல் காற்றையும் மழையையும் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மழைநீரின் வேதியியலைத் தீர்மானிப்பவை என்று அவர் எண்ணிய காரணிகளில் நிலக்கரி, கடலிலிருந்து உள்ள தூரம், காற்று வீசும் திசை ஆகியவற்றோடு, எவ்வளவு மழை, எத்தனை நாளுக்கு ஒருமுறை மழை என்பவையும் இடம்பெற்றன. அடுத்த எண்பது ஆண்டுகள் அந்த நூலை யாரும் அதிகம் புரட்டவில்லை என்பது அறிவியலுக்கு ஏற்பட்ட நட்டம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மாதத்தில் மூன்று மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 2 மி.மீ., சல்பேட் லிட்டருக்கு 10 மி.கி. இரண்டாவது 8 மி.மீ., லிட்டருக்கு 4 மி.கி. மூன்றாவது 90 மி.மீ., லிட்டருக்கு 1 மி.கி. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 5. பள்ளியில் படித்த சராசரிதான். ஆனால் அந்த மாதம் அந்த ஊரில் விழுந்த தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு லிட்டருக்கு 1 மி.கி. கொண்ட தண்ணீர். 5 என்ற எண் அந்த மாதத்து மழையைப் பற்றி எதையுமே சொல்லவில்லை.

சரியான வழி, ஒவ்வொரு செறிவையும் அதற்குரிய மழையளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த மழையால் வகுப்பது. 10ஐ 2ஆல் பெருக்க 20. 4ஐ 8ஆல் பெருக்க 32. 1ஐ 90ஆல் பெருக்க 90. மொத்தம் 142. இதை 100 மி.மீ. மழையால் வகுத்தால் 1.42. மழையளவால் நிறையிட்ட சராசரி என்பது இதுதான். மாதம் முழுக்கப் பெய்த மழையை ஒரே தொட்டியில் பிடித்துக் கலக்கியிருந்தால் அந்தத் தண்ணீரில் எவ்வளவு சல்பேட் இருந்திருக்குமோ, அந்த அளவு.

இந்தக் கணக்கின் நடுவில் வந்துபோன 142க்கும் தனி மதிப்பு உண்டு. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். ஆகவே லிட்டருக்கு மில்லிகிராமை மில்லிமீட்டரால் பெருக்கினால் கிடைப்பது, சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வந்து சேர்ந்தது என்ற அளவு. இதைப் படிவு என்கிறார்கள். நம் கணக்கில் சதுர மீட்டருக்கு 142 மி.கி., அதாவது ஹெக்டேருக்கு 1.42 கிலோ. இங்கே இன்னொன்றும் தெரிகிறது. மாத மழையில் ஐம்பதில் ஒரு பங்கே பெய்த அந்த 2 மி.மீ. தூறல், மொத்தச் சல்பேட்டில் ஏழில் ஒரு பங்கைக் கொண்டுவந்திருக்கிறது. தூறலை ஒதுக்கிவிடவும் முடியாது.

பி.எச். எண்ணில் சராசரி எடுப்பது இன்னும் வழுக்கலான இடம். பி.எச். ஒரு மடக்கை அளவு. அதில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். பி.எச். 4 கொண்ட நீரையும் 6 கொண்ட நீரையும் சம அளவில் கலந்தால் 5 வராது, ஏறத்தாழ 4.3 வரும். காரணம், முதலாவதில் ஹைட்ரஜன் அயனி இரண்டாவதைவிட நூறு மடங்கு. அதே 4 ஆனது 2 மி.மீ. தூறலாகவும், 6 ஆனது 98 மி.மீ. பெருமழையாகவும் இருந்துவிட்டால், நிறையிட்ட சராசரி ஏறத்தாழ 5.5. அந்த இரண்டு புட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து 4.3, 5, 5.5 என்று மூன்று விடைகள் சொல்லலாம். முதலாவது கடுமையான அமில மழை. மூன்றாவது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மட்டும் கரைந்த தூய நீரின் பி.எச். ஆன 5.6க்குக் கிட்டத்தட்டச் சமம்.

இந்தியாவில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நம் காற்றில் மண்தூசி அதிகம். அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. கோடை முழுக்கச் சேர்ந்த தூசியை முதல் மழை கழுவும்போது அமிலம் அங்கேயே சமன்பட்டுவிடும். அதனால் பருவமழையின் தொடக்கத்தில் பி.எச். உயர்ந்தும், மழை தொடரத் தொடரத் தூசி தீர்ந்து பி.எச். தாழ்ந்தும் போவதைப் பல இடங்களில் காண்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அமிலமே நீர்த்துப்போகிறது என்றால், இங்கே முதலில் நீர்த்துப்போவது அமிலத்தை அடக்கிவைத்த சுண்ணாம்பு. காரத்தன்மை கொண்ட மழை மாதிரிகளில் ஹைட்ரஜன் அயனியை மட்டும் சராசரி எடுப்பதும் போதாது. அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட், கலக்கும்போது அமிலத்தை விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேற்கில் எழுதிய சூத்திரத்தை இங்கே அப்படியே போட்டால் விடை பிசகும்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், மழையைப் பிடிக்கும் இடத்தில் தவறு நேர்ந்தால் அது கடைசிவரை கூடவே வரும். அமெரிக்காவின் தேசிய வளிமண்டலப் படிவுத் திட்டம் 1978இல் தொடங்கியது. இன்று இருநூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களில் வாரந்தோறும் மழையைச் சேகரிக்கிறது. பல ஆண்டுகள் அந்த நிலையங்களில் நின்ற கருவியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு மேசை போன்ற சட்டத்தில் இரண்டு வாளிகள் பக்கத்துப் பக்கத்தில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூடி. வெயில் நேரத்தில் மூடி மழை வாளியின் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். தூசி, இலை, பறவை எச்சம் எதுவும் உள்ளே போகாது. ஓரத்தில் ஓர் உலோக வலையில் முதல் துளி விழுந்ததும் மின்சுற்று இணைகிறது, மோட்டார் ஓடுகிறது, மூடி நகர்ந்து பக்கத்து வாளிக்குப் போகிறது. மழை நின்றதும் வலை தானே சூடாகி உலர்ந்துவிடுகிறது. சுற்று அறுபட்டு மூடி திரும்ப வந்து உட்காருகிறது. செவ்வாய்க்கிழமை காலை நிலையப் பொறுப்பாளர் வந்து வாளியை எடுத்து, எடை போட்டு, புது வாளியை வைத்துவிட்டுப் போகிறார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமான ஓட்டை இருக்கிறது. மூடி திறக்கும் அந்தச் சில கணங்களில் விழும் துளிகள் வாளியில் சேர்வதில்லை. அவைதான் மழையிலேயே மிகச் செறிவான துளிகள். மிக மெல்லிய தூறலில் வலை நனைவதற்கே நேரம் பிடிக்கும். மூடி திறப்பதற்குள் தூறல் நின்றும் போகலாம். ஆகவே மழையளவை வாளியிலிருந்து எடுப்பதில்லை. பக்கத்திலேயே தனியாக ஒரு மழைமானி எப்போதும் திறந்தபடி நிற்கிறது. செறிவை வாளி சொல்லும், மழையளவை மானி சொல்லும். இரண்டையும் பெருக்கித்தான் படிவு. வாளியில் சேர்ந்த தண்ணீரும் மானி காட்டும் அளவும் வாராவாரம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கருவியின் உடல்நலத்தைச் சோதிக்கும் வழியும்கூட. சில வாரங்களில் கிடைக்கும் தண்ணீர் எல்லாச் சோதனைகளுக்கும் போதாது. அந்த வாரங்கள் விடுபட்டால், விடுபடுவது செறிவு கூடிய வாரங்களே. சாதாரணச் சராசரியில் இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். நிறையிட்ட சராசரியில் அவற்றின் மழையளவு சிறியது என்பதால் பாதிப்பும் சிறியதாகவே இருக்கும். நிறையிட்ட சராசரியை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம்.

இவ்வளவும் முதல் படி. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். மழையளவைக் கணக்கில் எடுத்தாயிற்று, இனி இந்த எண்களை ஆண்டுவாரியாக அடுக்கினால் காற்றின் வரலாறு தெரிந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். தெரியாது. ஏன் என்பதற்கு அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு காட்டைப் பார்க்க வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வெள்ளை மலைகளில் இருக்கிறது ஹப்பர்டு புரூக் ஆய்வுக் காடு. 1955இல் அமெரிக்க வனத்துறை நீரோட்டத்தை ஆராய்வதற்காக அதை ஒதுக்கியது. மழைமானிகள் முதலில் வந்தன. வேதியியலாளர்கள் பிறகு வந்தார்கள். 1963இல் ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் ஆகியோர் சக ஆய்வாளர்களோடு அங்கே மழையையும் ஓடைநீரையும் சேகரிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் எடுத்த முதல் மழை மாதிரியின் பி.எச். 3.7. ஊர், ஆலை எதுவும் அருகில் இல்லாத காட்டில் பெய்த மழை. பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்த மின்நிலையப் புகைதான் காரணம் என்று நிறுவ அவர்களுக்கு ஆண்டுகள் பிடித்தன. வட அமெரிக்காவில் அமில மழை ஒரு பொதுப் பிரச்சினையானது இந்தக் காட்டிலிருந்துதான்.

அவர்கள் பதிவைத் தொடங்கிய காலம் எது? வடகிழக்கு அமெரிக்காவின் வரலாற்றில் மிகக் கொடிய வறட்சிகளில் ஒன்று 1960களின் முதல் பாதியில் நிலவியது. ஹப்பர்டு புரூக்கில் 1964-65இல் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்தது. ஒன்பது ஆண்டு கழித்து 1973-74இல் ஏறத்தாழ இரு மடங்கு. வறட்சியில் தொடங்கி வெள்ளத்தில் முடியும் பதிவில், புகைபோக்கிகள் எதுவும் மாறாவிட்டால்கூடச் செறிவு குறைவதாகத் தோன்றும். அதே பதிவில் படிவு கூடுவதாகத் தோன்றும். ஒருவர் காற்று சுத்தமாகிறது என்பார், இன்னொருவர் கெட்டுப்போகிறது என்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே தரவு.

எளிய எண்களில் இதைப் பார்க்கலாம். முதல் ஆண்டு 800 மி.மீ. மழை, சதுர மீட்டருக்கு 1000 மி.கி. சல்பேட் படிவு, நிறையிட்ட சராசரி லிட்டருக்கு 1.25 மி.கி. இரண்டாம் ஆண்டு 1600 மி.மீ. மழை, 1500 மி.கி. படிவு, நிறையிட்ட சராசரி 0.94 மி.கி. செறிவு 25 சதவீதம் இறங்கியிருக்கிறது, படிவு 50 சதவீதம் ஏறியிருக்கிறது. நிறையிட்ட சராசரி ஓராண்டின் மழைகளை ஒன்றோடொன்று நியாயமாகச் சேர்க்கிறது. ஆனால் ஈரமான ஆண்டையும் வறண்ட ஆண்டையும் அது சமன்செய்வதில்லை. நிறையிடுவதையும் மழையளவுக்குத் திருத்துவதையும் ஒன்றென்று எண்ணுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் குழப்பம் என்பது என் எண்ணம்.

திருத்துவது எப்படி? காற்றில் இருக்கும் மாசு ஒரு நிலையான கையிருப்பு என்றும், முதல் மில்லிமீட்டரே அதை முழுக்கக் கழுவிவிடும் என்றும் கற்பனை செய்தால், மழை இரட்டித்தால் செறிவு சரிபாதியாகிவிடும், படிவு மாறாது. இன்னொரு எல்லையில், காற்று புதிது புதிதாக மாசைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது என்றால், எவ்வளவு பெய்தாலும் செறிவு மாறாது. படிவு மழையோடு சேர்ந்து ஏறும். உண்மை இரண்டுக்கும் இடையில். எங்கே என்பதை அந்த இடத்துத் தரவே சொல்லும். நூற்றுக்கணக்கான வாரங்களின் மழையளவை ஓர் அச்சிலும் செறிவை மற்ற அச்சிலும், இரண்டையும் மடக்கை அளவில், புள்ளிகளாக இட்டால் அவை கீழ்நோக்கிச் சரியும் ஒரு பட்டையாகத் திரளும். அதன் நடுவே ஒரு கோடு. கோட்டின் சரிவுதான் அந்த ஊரில் மழை எவ்வளவு நீர்க்கச் செய்கிறது என்பதன் அளவு. நம் எளிய எண்களில் மழை இரட்டித்தபோது செறிவு கால்பங்கு குறைந்தது. அந்த இடத்தின் நீண்டகாலச் சரிவும் அதுவே என்றால், இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே காற்றில் எந்த மாற்றமும் இல்லை என்று சொல்லிவிடலாம்.

கோடு கிடைத்ததும், ஒவ்வொரு வாரத்தின் புள்ளியும் கோட்டுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இவ்வளவு மழைக்கு எதிர்பார்க்கக்கூடிய செறிவைவிடக் கூடுதலா, குறைவா என்பதே அந்த மிச்சம். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மிச்சங்கள் கீழே இறங்கினால், மாறியது வானமே. பருவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடை வெயிலில் கந்தக டை ஆக்சைடு வேகமாகச் சல்பேட்டாவதால் அமெரிக்காவின் கிழக்கில் கோடை மழையில் சல்பேட் எப்போதுமே கூடுதல்.

இதற்கு ஒரு நல்ல சோதனைக்களம் 1995இல் அமைந்தது. 1990இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின்படி, கந்தகப் புகையை மிக அதிகமாக வெளியிட்ட 110 மின்நிலையங்கள் 1995 ஜனவரியிலிருந்து அதைக் குறைத்தாக வேண்டியிருந்தது. அந்த ஆண்டே மழையில் மாற்றம் தெரிகிறதா? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லிஞ்சும் சக ஆய்வாளர்களும் 1983 முதல் 1994 வரையிலான தரவைக் கொண்டு மழையளவு, பருவம், நீண்டகாலப் போக்கு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சமன்பாடு அமைத்தார்கள். அதன்படி 1995இல் எவ்வளவு சல்பேட் இருந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, உண்மையில் அளந்த அளவோடு ஒப்பிட்டார்கள். ஓஹையோ ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியும் அதற்குக் கிழக்கிலும் உள்ள பல இடங்களில் 10 முதல் 25 சதவீதம் குறைவு. ஒரே ஆண்டில் இதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், மழை செய்யும் ஏற்ற இறக்கத்தை முதலிலேயே விலக்கிவிட்டதுதான். அப்படி விலக்காமல், பதிவின் நீளத்தை மட்டும் நம்பி, ஹப்பர்டு புரூக்கில் ஹைட்ரஜன் அயனியின் இறக்கம் புள்ளியியல்படி உறுதியாக 18 ஆண்டுகள் ஆயின என்று லைக்கன்ஸ் பதிவு செய்திருக்கிறார். இடையில் மூன்று, நான்கு ஆண்டுகளை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் ஏற்றம், இறக்கம், மாற்றமின்மை என்று எதை வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு, திருத்தக் கூடாத இடங்களையும் சொல்ல வேண்டும். மேப்பிள் மரத்தின் வேர், ஏரியில் இருக்கும் மீன், பாறைமேல் இருக்கும் பாசி ஆகியவற்றுக்குச் சராசரி மழை பெய்திருந்தால் எவ்வளவு அமிலம் வந்திருக்கும் என்பது பொருட்டே இல்லை. வந்து விழுந்த அமிலம்தான் பொருட்டு. ஹப்பர்டு புரூக்கில் பல பத்தாண்டு அமில மழை மண்ணிலிருந்த கால்சியத்தைக் கரைத்து ஓடையில் கொண்டுபோய்விட்டது. புகை குறைந்த பிறகும் காடு தேறவில்லை என்று கண்டு, 1999இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க ஹெலிகாப்டரிலிருந்து வொலாஸ்டனைட் என்ற கால்சியம் சிலிக்கேட் கனிமத்தைத் தூவினார்கள். அதற்கு எவ்வளவு தூவ வேண்டும் என்ற முடிவுக்கு மழையளவுக்குத் திருத்திய செறிவு உதவாது. மண் இழந்தது எவ்வளவு என்ற கணக்குதான் வேண்டும். அது மொத்தப் படிவோடு சேர்ந்தது. காற்றைப் பற்றிய கேள்விக்கு மழையைக் கழித்துப் பார்க்க வேண்டும், மண்ணைப் பற்றிய கேள்விக்கு மழையைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். எந்தக் கேள்வி என்று முடிவுசெய்யாமல் கணக்கில் இறங்குபவர், தமக்கே தெரியாமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

மழையளவே ஆண்டுக்காண்டு ஒரே திசையில் நகரும் இடங்களில் சிக்கல் இன்னும் கூடும். ஹப்பர்டு புரூக்கில் கடந்த அரை நூற்றாண்டில் மழை கூடியிருக்கிறது. அங்கே இன்று மழையின் பி.எச். 5ஐத் தாண்டியிருக்கிறது. அதில் பெரும்பங்கு சட்டத்தால் வந்தது என்பதில் ஐயமில்லை. கந்தகப் புகையின் வீழ்ச்சி அவ்வளவு பெரியது. ஆனால் மழை கூடியதாலும் ஒரு பங்கு நீர்த்திருக்கும். பருவநிலை மாற்றத்தால் வந்த மழைக்கூடுதலை வெறும் இரைச்சல் என்று கழித்துவிடலாமா, அதுவும் கதையின் ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ள வேண்டுமா? என்னைக் கேட்டால் இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும், திருத்தியதையும் திருத்தாததையும். ஒன்றை மட்டும் அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் நியாயமாகாது.

மழையளவைக் கழித்துப் பார்த்ததாலேயே வெளிப்பட்ட ஒரு புது விஷயமும் உண்டு. அமெரிக்காவில் மழை வழியாகப் பாதரசம் மிக அதிகமாக விழும் இடங்களில் தெற்கு புளோரிடாவும் ஒன்று. எவர்கிளேட்ஸ் சதுப்புநில மீன்களில் பாதரசம் ஏறியிருப்பதால் அவற்றைச் சாப்பிடுவது குறித்து அங்கே எச்சரிக்கை தரப்படுகிறது. அங்கே கோடையில் கொட்டும் மழை அதிகம். ஆகவே படிவு அதிகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மழை பெருகினால் செறிவு குறைய வேண்டுமே? அங்கே அது எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 2016இல் கிறிஸ்டோபர் ஹோம்ஸும் சக ஆய்வாளர்களும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் தென்கிழக்கு மாநிலங்களிலும் சேகரித்த மழைகளை, ஒரே அளவு பெய்தவற்றை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டார்கள். இடியோடு கூடிய மழையில், அதே அளவு பெய்த சாதாரண மழையைவிடப் பாதரசச் செறிவு சுமார் 50 சதவீதம் கூடுதல். உயர்ந்தெழும் இடிமேகங்கள், வளிமண்டலத்தின் மேலடுக்கில் இருக்கும் நீரில் கரையக்கூடிய பாதரசத்தையும் பிடித்துக்கொண்டு வருகின்றன என்பதே அவர்கள் தரும் விளக்கம். மேலடுக்கின் பாதரசம் உலகம் முழுக்கச் சுற்றி வருவது. உள்ளூர்ப் புகைபோக்கியை மட்டும் மூடி இதைத் தீர்க்க முடியாது. ஒரே அளவு மழைகளை ஒப்பிடாதவரை இந்த வேறுபாடு பெருமழையின் கீழ் ஒளிந்தே கிடந்திருக்கும்.

நம் நாட்டில் இந்திய வானிலைத் துறை 1970களில் தொடங்கி, உலக வானிலை அமைப்பின் திட்டத்தோடு இணைந்து, பத்து இடங்களில் மழைநீரின் வேதியியலைக் கண்காணித்து வருகிறது. ஸ்ரீநகர், ஜோத்பூர், அலகாபாத், அசாமின் மோகன்பாரி, நாக்பூர், புனே, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர், மினிக்காய். பத்தாவது நம் கொடைக்கானல். பத்தாண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலான இடங்களில் மழையின் பி.எச். இறங்கியிருக்கிறது. இறங்கியதற்குக் காரணம் அமிலம் கூடியதா, அமிலத்தை அடக்கும் தூசி குறைந்ததா, மழை பெய்யும் விதம் மாறியதா என்பதை ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். கொடைக்கானலில் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்குப் பருவத்தில் அதைவிட அதிகம் உண்டு. காற்று வரும் திசையே மாறிவிடுகிறது. அங்கே வருடம் முழுமைக்கும் ஒரே கோடு போட்டால், மழையளவு செய்த மாற்றம் எது, திசை செய்த மாற்றம் எது என்று பிரியாது. இரு பருவங்களுக்கும் இரண்டு கோடுகள் வேண்டும்.

ஆகவே அடுத்த முறை உங்கள் ஊர் மழையில் இவ்வளவு அமிலம், இவ்வளவு நைட்ரேட் என்ற செய்தியைப் படிக்கும்போது, அதன் பக்கத்தில் நான்கு விவரங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்: அன்று எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, அதற்கு முன் எத்தனை நாள் வறண்டிருந்தது, புட்டி மழையின் தொடக்கத்தில் வைக்கப்பட்டதா முழு மழைக்கும் இருந்ததா, எத்தனை மழைகளின் சராசரி அது. கல்லூரி ஆய்வேடு எழுதும் மாணவர்கள் ஆண்டுச் சராசரியோடு தனித்தனி மழைகளின் செறிவையும் மி.மீ. அளவையும் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டால், இருபது ஆண்டு கழித்து வரும் இன்னொரு மாணவர் அதையே எடுத்து, புதிதாக ஒரு கோடு போட்டுப் பார்க்க முடியும்.